ஐஸ் பெட்டிக்கு எந்த அறை?

தம்பி,

நீ அனுப்பிய பிளான் வந்தது. போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்ததில் கண் வலிதான் மிச்சம். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்துவந்துவிட்டேன். இப்போது அது நம் கொட்டகைத் தரையில் விரிந்து கிடக்கிறது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு சாம்பார் கரண்டி வைத்திருக்கிறேன். உன் அப்பா அதன்மேல் நடந்துகொண்டே இருக்கிறார். மிதிக்காதீங்க என்றால், "நாளைக்கு இதும்மேலதான குடியிருக்கப் போறோம், இப்பவே நடந்து பாக்குறன்" என்கிறார். உன் படுக்கையறையில் அவருடைய சேற்றுக்கால் தடம் ஒன்று அழுத்தமாக விழுந்திருக்கிறது. அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். அது சம்மதம் இல்லை, போனை வை என்பதற்கு நீ வைத்திருக்கும் மரியாதையான பெயர். காகிதத்தில் எழுதினால் நடுவில் பேச முடியாது. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. மருமகள் தர்ஷினியிடம் கொடு, படிக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு அவள் அப்பாவிடமும் படித்துக் காட்டு. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி வந்து மனையில் சுண்ணாம்புக் கோடு போடப்போகிறார். அதற்குள் உன் பிளானில் ஒரு கோட்டை நீ அழிக்க வேண்டும். எந்தக் கோடு என்று உனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன், அவசரப்படாதே.

முதலில் பாராட்டிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. நன்றாகப் போட்டிருக்கிறாய். சென்னையில் யார் யாருக்கோ அடுக்குமாடி கட்டிக் கொடுத்தவன், நமக்கென்று முதல் தடவை கை வைத்திருக்கிறாய். கீழே முழுக்க நம் வாடகைச் சாமான் தொழில், மேலே வீடு. கெடிலம் ஆற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் தரையில் படுத்திருந்ததே மடத்தனம். பந்தல் துணி, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர், குட்டியானை வண்டி, இவற்றுக்கு நடுவில் கிடைத்த சந்தில்தான் நாம் மூன்று பேரும் குடும்பம் நடத்தினோம். முகூர்த்த நாளில்தான் வீடு பெரிதாகும். சாமான் எல்லாம் திருவந்திபுரம் மலைக் கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்விடும், நீ காலியான இடத்தில் கிரிக்கெட் ஆடுவாய். சாமான் திரும்பி வந்ததும் மறுபடி சந்து. கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைப் பிரியாணி அண்டாவில் பழைய புடவை விரித்துத் தூங்க வைத்திருக்கிறேன். தொட்டிலை விடப் பத்திரம். உருண்டாலும் விழ மாட்டாய், எறும்பு ஏறாது. ஒருநாள் ஆர்டருக்கு வந்த ஆள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உள்ள ஆளு இருக்குது" என்று பதறிப்போனான். தர்ஷினியிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாய். நானே சொல்லிவிட்டேன்.

இனி குறைகள். ஷட்டரைப் பத்தடி உயரத்துக்குப் போட்டிருக்கிறாய். குட்டியானை மேல் பந்தல் கம்பு ஏற்றிக் கட்டினால் எவ்வளவு உயரம் வரும் என்று உனக்குத் தெரியாதா? எத்தனை தடவை அதன் உச்சியில் நீயே உட்கார்ந்து போயிருக்கிறாய். பன்னிரண்டு அடியாவது வேண்டும். உள்ளே கூரை அதற்கும் மேலே போகட்டும். மழைக்காலத்தில் நனைந்த பந்தல் துணியை உலர்த்த இடமில்லாமல் கறுப்புப் புள்ளி விழுந்து எத்தனை துணி வீணாயிற்று. குறுக்கே கம்பி கட்டித் தொங்கவிட உயரம் வேண்டும். மேலே வீடு கொஞ்சம் உயரத்துக்குப் போய்விடும், படி கூடும், அப்பா முட்டிக்காக நடுவில் அகலமாக ஒரு திருப்பம் வை. ஒரு நாற்காலி போடும் அளவுக்கு. ஏறும்போது பாதியில் உட்கார்ந்து பீடி குடிக்கத்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

தரை மட்டத்தை ரோட்டை விட மூன்றடி ஏற்றியிருக்கிறாய். உன் அப்பா, வண்டி ஏறாது, சரிவு செங்குத்தாகப் போய்விடும், ரெண்டடி போதும் என்கிறார். அவரை வேப்பமரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளம் நின்ற அடையாளத்தைக் காட்டினேன். அவர் இடுப்புக்கு இருந்தது. "அது எப்பவோ ஒரு வாட்டி வந்தது" என்றார். ஒரு வாட்டி வந்ததற்கே நம் அண்டாவை அடுத்தவன் கரும்புக் கொல்லையில் போய்ப் பொறுக்கினோம். மூன்றடியே இருக்கட்டும். சரிவை நீளமாக இழு, முன்பக்கம் இடம் இருக்கிறது.

இப்போது அந்தக் கோடு.

கீழ்த்தளத்தில் பாத்திரம் வைக்கும் இடத்தை நடுவில் ஒரு சுவர் போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறாய். ஸ்டோர் ஒன்று, ஸ்டோர் இரண்டு. ஆளுக்கொரு ஷட்டர். ஒன்று ரோட்டைப் பார்த்து, இன்னொன்று பின்பக்கச் சந்தைப் பார்த்து. முதலில் நான் பித்தளை ஒருபக்கம் அலுமினியம் ஒருபக்கம் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு வரிக்கு வரி இருக்கிறது.

"மாமாதாம்மா சொன்னாரு. மண்டபத்துக்குப் போற செட்டு தனியா இருந்தா நல்லதுன்னு."

"மத்த செட்டு எங்க போவும்?"

"அது... மத்த எடத்துக்கு."

"காலனிக்குன்னு சொல்றதுக்கு என்னடா கூச்சம்?"

"அம்மா, எழுதி ஒண்ணும் ஒட்டப் போறதில்ல. ஸ்டோர் ஒண்ணு, ஸ்டோர் ரெண்டு, அவ்ளோதான். யாரும் கேக்கக்கூட மாட்டாங்க."

"கேக்காம இருக்கத்தானடா செவுரு" என்றேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்றாய்.

உன் மாமனார் போன வாரம் மனை பார்க்க வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மோர் குடித்து, அப்பாவிடம் மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று வாய் நிறையச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. சிதம்பரத்தில் அவருடைய கல்யாண மண்டபத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் சம்பந்தம் பேசினோம். என்னிடமும் பணிவாகத்தான் சொன்னார். "சம்பந்திம்மா, நான் ஒண்ணும் பாக்குறவன் கெடயாது. மண்டபத்துக்கு வர்ற ஜனங்க பாக்குறாங்க. அண்டா எங்க போய் வந்துதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா புக்கிங் போயிடும். நமக்கு எதுக்கு வம்பு?" தான் பார்க்கவில்லை, ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று சொல்லாதவர் யாரையாவது நீ சந்தித்திருக்கிறாயா? எல்லோரும் மற்றவர்களுக்காகத்தான் சுவர் கட்டுகிறார்கள். அந்த மற்றவரைத்தான் நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியும், அந்த மண்டபத்து ஆர்டர் முழுக்க நமக்கு வரும் என்று நம்பித்தான் நீ சென்னை வேலையை விடப்போகிறாய். அது இல்லையென்றால் நம் கடை இரண்டு குடும்பத்துக்குப் போதாது. நீ இங்கே வந்து இருக்க வேண்டும் என்று உன் அப்பாவை விட எனக்குத்தான் ஆசை அதிகம். மாடியில் உன் பால்கனி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே பாத்திரம் கழுவும் தொட்டியை வைக்கச் சொன்னதே, வேலை செய்துகொண்டே உன்னை அண்ணாந்து பார்க்கலாம் என்றுதான். அது எல்லாம் போனாலும் போகட்டும் என்று இதை எழுதுகிறேன் என்றால், கோபத்தில் எழுதவில்லை என்று புரிந்துகொள். கோபமும் இருக்கிறது.

பழையதைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பிளான் போடும்போது மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இந்தக் கடையை நாங்கள் பழைய முதலாளியிடம் வாங்கியபோது பாத்திரத்தோடு வழக்கத்தையும் சேர்த்தே வாங்கினோம். விளிம்பில் பச்சைப் பெயிண்ட் அடித்தது ஊருக்கு, சிவப்பு அடித்தது காலனிக்கு. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய அண்டா, ஒரே கனம். எங்களுக்கு அப்போது அது தப்பு என்றே தோன்றவில்லை. சாம்பார் கரண்டியும் ரசக் கரண்டியும் வேறு வேறு என்பதுபோல அதுவும் ஒன்று. பச்சை வெளியே போனால் அப்பா உரக்கச் சொல்லி ஏற்றுவார். சிவப்பு போனால் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு என்னிடம் மட்டும் சொல்லுவார். எந்தச் செட்டாக இருந்தாலும் திரும்பி வந்தால் தேய்ப்பது அஞ்சலை. காலனியிலிருந்து வந்து, ஒரே தொட்டியில், ஒரே நாரை வைத்து, பச்சையையும் சிவப்பையும் அவள்தான் தேய்த்தாள். அவள் கை பட்டு வெளுத்த பச்சையில் சமைத்ததைத்தான் ஊர் சாப்பிட்டது. இதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தால் தேய்க்க வேறு ஆள் கிடைக்காது.

வெள்ளம் வந்தது. நீ அப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடத்து மாடியில் ஒண்டியிருந்துவிட்டு வந்து பார்த்தால், தகரக் கொட்டகை ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது, அண்டாக்கள் மிதந்து போய் வேலியிலும் கொல்லையிலும் கவிழ்ந்து கிடக்கின்றன. ஊரிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள், காலனியிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சேறு சாதாரணத்தில் போகவில்லை. செங்கல் தூள் போட்டு அஞ்சலையும் நானும் நாள் கணக்கில் தேய்த்தோம். ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்த பெயிண்ட், சேற்றோடு சேர்ந்து வந்துவிட்டது. எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி ஒரே பளபளப்பு. அப்போதுதான் உன் அப்பாவுக்கு உறைத்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு மலையில் ஒரு கல்யாணம், காலனியில் ஒரு மஞ்சள் நீராட்டு. இரண்டுக்கும் சாமான் ஏற்ற வேண்டும். எது பச்சை, எது சிவப்பு?

அவர் ஒவ்வொரு அண்டாவையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நெளிசலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒன்றை எடுத்துவைத்தார், பிறகு அதே மாதிரி நெளிசல் இன்னொன்றிலும் இருந்தது. கடைசியில், "அஞ்சல, தெனம் தேய்க்கிறவ நீ. ஒனக்குத் தெரியாதா எது எதுன்னு?" என்று கேட்டார். அஞ்சலை கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"மோந்து பாருண்ணே. தெரியும்."

சிரிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். உன் அப்பா கொஞ்ச நேரம் அண்டாவைப் பிடித்துக்கொண்டே நின்றார். மோந்து பார்த்தாலும் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பிறகு, "பொறப்பட்டுப் போயி ஒரு டப்பா பெயிண்ட் வாங்கியா" என்று உன்னிடம் சொன்னார். என்ன கலர் என்று நீ கேட்டாய். "எதுனா ஒண்ணு" என்றார். நீ பச்சை வாங்கிவந்தாய். பள்ளிக்கூடம் திறக்காத அந்த நாட்களில் உட்கார்ந்து, அண்டா, குண்டான், கரண்டி, சல்லடை வரைக்கும் எல்லாவற்றுக்கும் நீதான் பச்சை அடித்தாய். இன்றைக்கும் சிலதில் உன் கட்டைவிரல் ரேகை காய்ந்துபோய் இருக்கிறது. அந்தக் கையால் இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் விஷயம் தெரியாமல் இருக்குமா? "ரெண்டும் ஒண்ணாயிடிச்சாமே" என்று கேட்டார்கள். அப்பா, "வெள்ளம்தான் ஒண்ணாக்கிடிச்சி, நான் இன்னா பண்றது" என்று பழியைக் கெடிலத்தின் மேல் போட்டார். வீரமெல்லாம் இல்லை. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அதில் ஒருவர் அடுத்த வருஷமே திரும்பி வந்தார், அந்தக் கடையில் அண்டா ஓட்டையாம். ஓட்டை அண்டாவுக்கு முன்னால் சாதி ஒரு வருஷம்தான் நின்றது என்று நான் சொன்னதற்கு, நீ அப்போது விழுந்து விழுந்து சிரித்தாய். போனவர்களில் சிலர் கடைசிவரை வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வருஷம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடியும் சிவப்பு டப்பா வாங்கலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்த விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

இப்போது பிளானுக்கே வருகிறேன். நீ எல்லாவற்றுக்கும் இடம் போட்டிருக்கிறாய். ஜெனரேட்டருக்கு, நாற்காலிக்கு, வெல்டிங்குக்கு, செருப்பு விடக்கூட இடம் இருக்கிறது. ஐஸ் பெட்டி எங்கே? தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சாவு வீட்டுக்குப் பிணம் வைக்க நாம் வாடகைக்கு விடும் பெட்டி, நம் கடையில் ஓய்வே இல்லாமல் ஓடும் ஒரே சாமான், அதற்கு நீ இடமே வைக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நம்ப மாட்டேன். மேலே குடியிருக்கப்போகும் புதுப்பெண்ணுக்குக் கீழே அது இருக்கக்கூடாது என்று உன் மாமனார் சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணிடமே போன் போட்டுக் கேட்டேன். "அய்ய, ஆஸ்பத்திரில தெனம் அதத்தான அத்தை பாக்குறேன். அந்தப் பொட்டி என்னா பண்ணப் போவுது? என் ரூமுக்குக் கீழ ஜெனரேட்டர வெக்காதீங்க, அதுதான் தூங்க வுடாது" என்றாள். நர்ஸ் மருமகள் வருவதில் இது ஒரு சௌகரியம்.

அந்தப் பெட்டியை நீ மறக்கலாமா? உன் கல்யாணமே அது போட்ட பிச்சை. தர்ஷினியின் தாத்தா இறந்த வாரம் விடாத மழை. துபாயில் இருக்கும் மகன் வந்து சேரும் வரை வைத்திருக்க வேண்டும், சிதம்பரத்தில் ஒரு பெட்டியும் காலி இல்லை. யாரோ நம் நம்பரைக் கொடுக்க, உன் மாமனாரே போன் செய்து அழுதார். நீ லீவில் வந்திருந்தாய். வண்டியை எடுத்துக்கொண்டு நீதான் போனாய். கரண்ட் வந்து வந்து போனதால் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாய். பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயில் ஒரு டம்ளரை எடுத்துவந்து உன்னிடம் கொடுத்தவள்தான் அவள். திரும்பி வந்தவன் டீயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். சாவு வீட்டு டீயில் அப்படி என்னடா ருசி என்று நான் கேட்டேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீயே பார்த்த பெண் நம் சாதியிலேயே அமைந்துவிட்டது என்று உன் அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. உன் அதிர்ஷ்டம், சண்டை போடாமல் தப்பித்தாய், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள் அந்தப் பெட்டி எங்கே இருந்தது? நீயும் நானும்தான் போய் எடுத்துவந்தோம். அஞ்சலை வீட்டில். அவள் புருஷனை அதில்தான் வைத்திருந்தார்கள். எடுத்த பிறகு, அழுது வீங்கிய முகத்தோடு அவளேதான் அதை டெட்டால் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். "நான் தொடைக்காம வேற யாரு தொடைப்பாங்கக்கா, ஒனக்குத் தொடைக்கத் தெரியாது" என்றாள். மறுநாள் அதே பெட்டியில் உன் மாமனாரின் அப்பா. மாலை மேல் மாலையாக விழுந்தது. ஊரே வந்து அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டது. இது எங்கே போய் வந்த பெட்டி என்று ஒருத்தராவது கேட்டார்களா? உன் மாமனார் கேட்டாரா? அவர் மண்டபத்துக்கு வருகிற அந்த ஜனங்கள்தானே எழவுக்கும் வந்திருந்தார்கள், அவர்களில் யாராவது? இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரும், ஒரே ஒருவர்கூட, கேட்டதில்லை. கரண்ட் நிற்குமா என்று மட்டும்தான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவன் சோறு தின்னும் அண்டாவுக்குத்தான் இரண்டு அறை வேண்டியிருக்கிறது.

நான் இதை அவமானப்படுத்துவதற்காக எழுதவில்லை என்று அவரிடம் சொல். பெட்டி நேரத்துக்கு வந்ததற்காக, பிறகு பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். சுவர் கேட்கிற மனிதரைத்தான் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, நம் வீட்டையும் சேர்த்து.

தர்ஷினியிடம் சுவரைப் பற்றியும் கேட்டேன். "அப்பாகிட்ட பேசி நான் ஒருநாளும் ஜெயிச்சதில்ல அத்தை. நீங்க செவுத்த எடுத்துட்டீங்கன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். கெட்டிக்காரி. உன்னைப் போலவே சண்டையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள். இரண்டு பேரும் மாடியில் சந்தோஷமாக இருப்பீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாடியில் இருப்பவர்களுக்குக் கீழே இருக்கும் சுவர் தெரியாது. காலையில் எழுந்து நேரே பால்கனிக்குப் போய்விடலாம். கீழே இரண்டு ஷட்டர் தனித்தனியாகத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும். சில மாதத்தில் அதுவும் கேட்காது. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, அது கீழே ஓடிவந்து, இது எதுக்கு அது எதுக்கு என்று கேட்டால் என்ன சொல்வாய்? ஸ்டோர் ஒன்று, ஸ்டோர் இரண்டு என்பாயா? அந்தக் குழந்தையை நான் எந்த அறை அண்டாவில் தூங்க வைப்பது?

மனை என் பேரில் இருக்கிறது. இதுவரை அதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை, உன் அப்பாவிடம்கூட. இப்போது சொல்கிறேன். அந்தச் சுவரோடு அங்கே ஒரு செங்கல் ஏறாது. மண்டப ஆர்டர் போனால் போகட்டும், மாடியை ஒரு வருஷம் தள்ளிக் கட்டலாம், கீழே கொட்டகையை மட்டும் எழுப்பிக்கொண்டு பழையபடி சந்தில் இருக்கலாம். எனக்கு அது பழக்கம்தான், உனக்கும் பழக்கம்தான், தர்ஷினிதான் பாவம். நீ இன்னும் கொஞ்ச நாள் சென்னையிலேயே இருக்க நேரும். அதைச் சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. அப்படியும் சொல்கிறேன்.

ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக நீ அழிக்க வேண்டாம். அம்மா பிடிவாதம் என்று மாமனாரிடம் என்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிப்பாய், உன் அப்பா கெடிலத்தின் மேல் போட்டதுபோல. அவருக்காவது ஆறு கிடைத்தது. வியாழக்கிழமை சென்னையிலிருந்து கிளம்பும்போது கடலூரில் இறங்காதே, நேரே சிதம்பரம் போ. உன் பிளானை மண்டபத்து மேசையில் விரி. கோபமாகப் பேசாதே, காலனி, சாதி, நியாயம் என்று எதையும் ஆரம்பிக்காதே. அதில் அவர் உன்னைவிடக் கெட்டிக்காரர். "மாமா, ஐஸ் பெட்டிக்கு எடம் போட மறந்துட்டேன். ஸ்டோர் ஒண்ணுல வெக்கவா, ரெண்டுல வெக்கவா?" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு. அவருடைய அப்பா படுத்திருந்த பெட்டி. அதைப் பின்பக்கச் சந்து ஷட்டருக்குள் வை என்று அவர் வாயால் வராது. முன்பக்கம் வை என்றால், அந்தப் பெட்டி எங்கெல்லாம் போய் வருகிறது என்று அவருக்கும் தெரியும்.

அவர் எந்த அறையைக் காட்டுகிறாரோ, அந்த அறையிலேயே எல்லாமும் இருக்கட்டும். இன்னொன்றையும் நடுக்கோட்டையும் அழித்துவிட்டு வா.

வெள்ளிக்கிழமை மேஸ்திரியோடு நான் மனையில் நிற்பேன். அஞ்சலையையும் வரச்சொல்லியிருக்கிறேன். கழுவும் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டுத்தான் போட வேண்டும், குனிந்து குனிந்து அவளுக்கும் முதுகு போய்விட்டது. உன் பால்கனியை இன்னும் இரண்டடி வெளியே இழுக்கச் சொல்லப்போகிறேன். நம் இரண்டு பேருக்கும் சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்து காபி குடிக்க இடம் போதவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே, சாரல் அடிக்கும். பிளான் நனைந்துவிடும்.

அம்மா